ரோட்டுக்குப் பேர் கொடுத்த ஹால்

கோயம்புத்தூர் டவுன்ஹாலில் பஸ்ஸை விட்டு இறங்கி, "வெரைட்டி ஹால் ரோடு எதுங்க?" என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். "அந்த ஹால் எதுங்க?" என்று அடுத்தபடி கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா, ஆட்டோ ஓட்டுநர், கடைக் கல்லாவில் இருந்த தம்பி, மூன்று பேருக்கும் தெரியவில்லை. நாலாவதாகக் கேட்ட பெரியவர்தான், "டிலைட் தியேட்டரைக் கேக்கறீங்களா? அதை இடிச்சுப்போட்டாங்களே சாமி" என்றார்.

ரோட்டுக்குப் பேர் கொடுத்த அந்த ஹாலைப் பற்றித்தான் எழுதுகிறேன். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோயம்புத்தூர்க்காரர் கட்டியது அது. படம் காட்டுவதற்கும், நாடகம் போடுவதற்கும், இன்னும் மேடையில் செய்யக்கூடிய எதற்கும் என்று கட்டியது. பின்னால் டிலைட் என்று பேர் மாறியது. எனக்கு விவரம் தெரிந்த நாளில் அது பழைய எம்.ஜி.ஆர். படம், சிவாஜி படம் ஓட்டுகிற சின்னத் தியேட்டர். அதன் பழைய கதை என்ன என்று நான் தேடத் தொடங்கியபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

நான் பவானிக்காரன். முப்பத்தெட்டு வருடம் சினிமா ஆப்பரேட்டராக இருந்தேன். 1972இல் எங்கள் ஊர்ப்பக்கம் போட்டிருந்த ஒரு டூரிங் கொட்டகையில் படப்பெட்டி தூக்குகிற பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் ரீல் சுற்றுகிற வேலை, அப்புறம் கார்பன் மாற்றுகிற வேலை. லைசென்ஸ் வாங்கி மிஷின் முன்னால் நின்றபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது ஒரு தொழிலாகவே படவில்லை. எங்களுடையது ஜமக்காளத் தறிக் குடும்பம். அப்பாரு ஒருவர்தான், "போகட்டும் உடுங்க. வெளிச்சத்துல வேலை செய்யறவனுக்குக் கண்ணு கெடாது" என்று எனக்காகப் பேசினார்.

அப்பாரு அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இளவட்டமாக இருந்தபோது அவர் ஜமக்காளக் கட்டை வண்டியில் ஏற்றி ஈரோடு கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் கோயம்புத்தூர் போய் விற்றுவிட்டு வருவார். அன்றைக்குப் பவானியும் கோயம்புத்தூர் ஜில்லாதான். 1979இல்தான் நாங்கள் தனி மாவட்டத்துக்குப் போனோம். ஆகவே கோர்ட்டு, கச்சேரி, வியாபாரம் எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூர்தான் தலைமை. அங்கே பார்த்த ஒரு வீதியைப் பற்றி அப்பாரு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "பொழுது உழுந்தா மத்த வீதியெல்லாம் கருகருன்னு கெடக்கும் கண்ணு. அந்த ஒரு வீதி மட்டும் பகலாட்டம் இருக்கும். அந்த வெளிச்சத்தப் பாக்கறதுக்கே நாலு சனம் நின்னுட்டிருக்கும்." உள்ளே என்ன படம் பார்த்தார் என்பது அவர் நினைவில் இல்லை. தெரு விளக்கு நினைவில் இருந்தது. அந்தத் தெரு வெரைட்டி ஹால் ரோடு.

ஹால் வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டில் ஆட்டபாட்டம் எங்கே நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோயில் திடலில் நடந்தது. உடுக்கையைத் தட்டிக்கொண்டு பொன்னர் சங்கர் கதையை இரவு இரவாகப் பாடுவார்கள். கதை முடியப் பதினைந்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். கூத்து வந்தால் விடிய விடிய. தீவட்டிதான் விளக்கு, வானம்தான் கூரை. சனங்கள் கொண்டுவந்த பாயும் சாக்கும்தான் இருக்கை. பெரிய வீட்டுக்காரர்கள் வந்தால் எங்கள் ஊர் ஜமக்காளம் விரிப்பார்கள். டிக்கெட் கிடையாது. ஊர் கூடி வரி போட்டு ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும். மழை வந்தால் அன்றைக்கு ஆட்டம் நின்றுபோகும். அந்தக் கலைகளுக்குக் கூரையும் சுவரும் தேவைப்படவும் இல்லை.

சுவர் தேவைப்பட்டது வேறு ஒரு காரணத்துக்காக. அது, கோயம்புத்தூர் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால்தான் விளங்கும். 1888இல் ஸ்டேன்ஸ் துரை ஸ்பின்னிங் மில் வைத்தார். 1910இல் லட்சுமி மில் வந்தது. பஞ்சு வியாபாரம் பெருகியது. மில்லில் சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் ஓய்வு. காட்டு வேலைக்காரனுக்கு அறுப்பு முடிந்தால் ஓய்வு, மில்காரனுக்குத் தினமும் சாயங்காலம் ஓய்வு. கையில் கூலிக்காசு. விடிய விடியக் கூத்துப் பார்த்தால் காலை ஷிப்டுக்கு எழுந்திருக்க முடியாது. இரண்டு மணி நேரத்தில் முடிகிற, காசு கொடுத்தால் எந்த நாளும் பார்க்கிற ஆட்டம் ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. கூட்டம் கூடிப் பேச ஒரு மண்டபம் அதற்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. 'கலாநிதி' பத்திரிகை நடத்திய சே.ப. நரசிம்மலு நாயுடு முன்னின்று எழுப்பிய விக்டோரியா டவுன்ஹால் 1892 முதல் அங்கே நிற்கிறது. ஆனால் அது பொதுக்காரியக் கட்டடம். ஆட்டம் பார்க்க என்று ஒரு வீடு இன்னும் வரவில்லை.

அந்த வீட்டைக் கட்டிய வின்சென்ட் 1883இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தென்னிந்திய ரயில்வேயில் சேர்ந்து திருச்சியில் வரைபடம் வரைகிற குமாஸ்தாவாக வேலை பார்த்தார். 1905இல் அங்கே டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து சேர்ந்தார். புரொஜெக்டரும் சில படச்சுருள்களும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டிப் பிழைத்தவர். உடம்பு சரியில்லாமல் போய், எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப நினைத்தார். வின்சென்ட் 2,250 ரூபாய் கொடுத்து அந்த மிஷினையும் படங்களையும் வாங்கினார். அப்போது அவருக்கு 22 வயது. சம்பளம் வாங்குகிற ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு அந்தக் காலத்தில் 2,250 ரூபாய் என்றால் பல வருடத்து வருமானம். நிலையான உத்தியோகத்தை விட்டு, மேல்நாட்டான் விற்ற ஒரு பெட்டியை நம்பிப் புறப்பட்டார்.

கைக்கு வந்த படங்களில் முக்கியமானது ஏசு கிறிஸ்துவின் வாழ்க்கை. அந்தக் காலத்தில் ஏசு படத்துக்கு ஒரு பெரிய வலு இருந்தது. பம்பாயில் ஏசு படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் தாதாசாகேப் பால்கே, நம் சாமிகளை இப்படிக் காட்டினால் என்ன என்று நினைத்தார். அதிலிருந்து பிறந்தது 1913இல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. வின்சென்ட் தன் ஏசு படத்தைத் தூக்கிக்கொண்டு கூடாரம் அடித்தார். திருச்சியில் தொடங்கி ஊர் ஊராகப் போனார். வடக்கே பெஷாவர், கடல் தாண்டி இலங்கை, பர்மா, மலாயா. 1909இல் சென்னை எஸ்பிளனேடு பக்கம் கூடாரம் போட்டு 'எடிசன்ஸ் கிராண்ட் சினிமா மெகஃபோன்' என்று பேர் வைத்து நடத்தினார். கிராமபோன் தட்டோடு படத்தைச் சேர்த்து ஓட்டும் வித்தையும் அந்தக் கூடாரத்தில் நடந்தது. ஒன்பது வருடம் இப்படி ஓடியது.

டூரிங் கொட்டகையில் வேலை செய்தவன் என்பதால் அந்த ஒன்பது வருடம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. காற்று அடித்தால் திரை ஆடும், திரையில் உள்ள ஆள் நெளிவான். மழை பெய்தால் வசூல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். சித்திரை மாதத்தில் நன்றாக இருட்டவே ஏழு மணி ஆகிவிடும். எங்கள் கொட்டகையில் கூம்பு ஸ்பீக்கரில் சாமி பாட்டு போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். வெளிச்சம் துளி இருந்தாலும் திரையில் படம் வெளுத்துப்போகும். கூடாரத்துக்குப் பகல் ஆட்டம் என்பது கிடையவே கிடையாது.

திரையில் ஒளி தெரிய வேண்டுமானால் சுற்றிலும் இருட்டு வேண்டும். கூடாரக்காரனுக்கு இருட்டை இரவு கொடுக்கும். சுவர் எழுப்பியவன் இருட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளலாம், உச்சி வெயிலிலும் படம் ஓட்டலாம். 1914இல் வின்சென்ட் கோயம்புத்தூருக்குத் திரும்பி ஹால் கட்டியதன் அடிப்படை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஊரோடு இருந்துவிடலாம் என்ற ஆசையும் சேர்ந்திருக்கும். ஆனால் தொழிலாக யோசித்தால், சுவரால்தான் ஒரு நாளுக்கு ஒரு காட்சி என்பது இரண்டு மூன்றாகும்.

இன்னொரு காரணம் நெருப்பு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு மாலில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களுக்கு சினிமா எவ்வளவு ஆபத்தான பொருளாக இருந்தது என்று தெரியாது. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. தீப்பிடித்தால் அணைக்க முடியாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரிந்துகொண்டிருக்கும். 1950களின் தொடக்கத்தில்தான் எளிதில் தீப்பிடிக்காத ஃபிலிம் தியேட்டர்களில் புழக்கத்துக்கு வந்தது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் படம் மிஷினில் சிக்கிக்கொண்டால் திரையில் ஒரு பழுப்புக் குமிழ் தோன்றி உருகும், அவ்வளவுதான். சனங்கள் விசிலடிப்பார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆப்பரேட்டர் அண்ணன் பழைய ஆள். "இது உருகற ஃபிலிம்டா தம்பி. நாங்க ஓட்டினது வெடிக்கற ஃபிலிமு" என்பார். கேபினில் ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் இல்லாமல் மிஷினைத் தொடவிடமாட்டார்.

விளக்கும் ஆபத்துதான். மின்சாரம் இல்லாத ஊர்களில் அந்நாளைய ஊர்சுற்றிப் படக்காரர்கள் சுண்ணாம்பு விளக்கு வைத்திருந்தார்கள். ஒரு சுண்ணாம்புக் கட்டியின் மேல் ஆக்சிஜன் கலந்த சுடரைப் பாய்ச்சினால் அது பழுத்துக் கண்ணைப் பறிக்கிற வெள்ளொளி வீசும். அந்தச் சுடருக்கு ஈதர் போன்ற பற்றிக்கொள்கிற பொருளையும் பயன்படுத்தினார்கள். 1897 மே 4இல் பாரிஸில் நடந்த ஒரு தர்மச் சந்தையில் இப்படிப்பட்ட பட விளக்கிலிருந்துதான் தீப்பிடித்தது. 120 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். படம் காட்டுகிறவர்களை உலகம் பூராவும் நடுங்கவைத்த விபத்து அது. துணிக் கூடாரத்துக்குள், வைக்கோல் பரப்பிய தரையில், இந்த விளக்கையும் இந்த ஃபிலிமையும் வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் சுற்றிய மனிதர், கல்லும் சுண்ணாம்புமாக நாலு சுவர் வேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. மிஷினுக்குத் தனி அறை, அதற்குத் தனி வாசல் என்பதெல்லாம் இந்தப் பயத்திலிருந்து பிறந்த ஏற்பாடு. 1918இல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம் பார்வையாளர்களின் பாதுகாப்பை லைசென்ஸோடு சேர்த்துக் கட்டியது.

அடுத்து மின்சாரம். எங்கள் பகுதிக்கு அரசாங்க மின்சாரம் என்றால் அது பைகாரா. நீலகிரியில் அந்த மின்நிலையம் ஓடத்தொடங்கியது 1932இல். வின்சென்ட் ஹால் கட்டியது அதற்குப் பதினெட்டு வருடம் முன்னால். ஆகவே சொந்தமாக எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்தார். அந்த மின்சாரம் படத்துக்கு ஒளியானது, ஹாலுக்கு விளக்கானது, வெளியே தெருவுக்கும் வெளிச்சமானது. அப்பாரு பார்த்து நின்ற வெளிச்சம் அதுதான்.

எஞ்சினை வாங்கியாயிற்று. படம் ஓடாத நேரத்தில் அது சும்மா நிற்குமே? 1916இல் 'வெரைட்டி எலெக்ட்ரிக் பிரிண்டிங் ஒர்க்ஸ்' என்று மின்சாரத்தில் ஓடும் அச்சகம் வைத்தார். 1919இல் அரிசியும் மாவும் அரைக்கிற மில் வைத்தார். படம் காட்டுகிறவருக்கு அச்சகம் எதற்கு என்று நினைக்கலாம். படம் மாறும்போதெல்லாம் நோட்டீஸ் வேண்டும். மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தப்பட்டை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் நோட்டீஸ் வீசுவதுதான் அன்றைய விளம்பரம். நான் சின்னப் பையனாக இருந்தபோது பவானியில் கூடுதுறை வீதி வழியாக அந்த வண்டி வரும். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று மெல்லிய தாளில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பொறுக்குவதற்காக வண்டிக்குப் பின்னாலேயே ஊர் எல்லைவரை ஓடியிருக்கிறேன். ஓர் எஞ்சினைச் சுற்றி இருட்டறையும், அச்சுக்கூடமும், அரவை மில்லும் சேர்ந்து நின்ற அந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு வின்சென்ட் மேல் மரியாதை கூடுகிறது.

சரி, 'வெரைட்டி' என்ற பேர் ஏன்? அன்றைக்கு யாரும் படத்தை மட்டும் நம்பி ஹால் கட்டவில்லை. இருபது நிமிடம், அரை மணி நேரம் ஓடுகிற துண்டுப் படங்களே அதிகம். ஆயிரம் அடி ரீல் ஒன்றைக் கையால் சுற்றி ஓட்டினால் பதினாறு, பதினேழு நிமிடம் வரும். கணக்கு இப்படி. ஓர் அடி ஃபிலிமில் பதினாறு படம். நொடிக்கு ஏறக்குறையப் பதினாறு படம் ஓட வேண்டும், அதாவது நொடிக்கு ஓர் அடி. கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் அந்த வேகம் கிடைக்கும். ஒரு ரீலுக்கு இரண்டாயிரம் சுற்று. சுற்றுகிறவன் கை சோர்ந்தால் திரையில் குதிரையும் சோர்ந்து நடக்கும், அவன் அவசரப்பட்டால் சவ ஊர்வலமும் ஓட்டமாகப் போகும். ரீல் மாற்றும் இடைவெளியில் சனங்களை உட்காரவைக்க, மேடையில் டான்ஸ், குஸ்தி, குத்துச்சண்டை, பபூன் வேடிக்கை என்று வைப்பது அந்தக் காலத்துப் படக்கொட்டகைகளின் வழக்கம். பலதும் சேர்ந்ததுதான் நிகழ்ச்சி. அந்தப் பேரை வின்சென்ட் பொருள் தெரிந்தே வைத்திருக்கிறார்.

ஊமைப்படம் என்கிறோம், ஆனால் அந்த ஹால்கள் ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்லுவார். எழுத்து அட்டை வந்தால் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். கதாநாயகன் கத்தியை உருவினால் இவர் குரல் உயர வேண்டும். வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். மகாயுத்தம் தொடங்கியதும் ஐரோப்பியப் படங்களின் வரத்து குறைந்து, அமெரிக்கத் தொடர்படங்கள் வந்து நிறைந்தன. எடி போலோ என்ற சண்டைக்காரர் பேர் தமிழ்நாட்டில் படிக்காதவர் வாயிலும் புழங்கியது. அந்த எடி போலோவுக்குத் தமிழ்க்குரல் கொடுத்தவர் திரையோரம் நின்ற கதைசொல்லிதான். அவர்கள் எவருடைய பேரும் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. உடுக்கையோடு திடலில் நின்ற பாட்டுக்காரரின் வேலையைத்தானே இவரும் செய்தார்?

நாடகத்துக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்கள் தமிழ்நாட்டு மேடைகளை ஆண்ட காலம் அது. ஸ்பெஷல் நாடகம் என்ற முறை எப்படியென்றால், ஒரு ஊரிலிருந்து முருகன் வேஷக்காரரை வரவழைப்பார்கள், இன்னோர் ஊரிலிருந்து வள்ளியை, வேறோர் ஊரிலிருந்து நாரதரை. ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் பாட்டும் வசனமும் மனப்பாடம். மேடையில்தான் முதன்முதலாகச் சந்திப்பார்கள். ஒருவரை ஒருவர் மடக்கிக் கேள்வி கேட்டுப் பாடுவதில்தான் சனங்களுக்கு ருசி. எங்கள் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் இந்த மேடையிலிருந்து எழுந்தவர்தான். அவரும் நாடக நடிகர் கிட்டப்பாவும் சேர்ந்து பாடினால் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்கும். கூரையும் சுவரும் உள்ள ஹால் வந்தபிறகு அந்தக் குரல்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. திறந்த திடலில் காற்றோடு போகிற குரல், சுவரில் பட்டுத் திரும்பி வந்து சபையை நிறைக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு தியேட்டரில் பழைய நாடக மேடை திரைக்குப் பின்னால் அப்படியே இருந்தது. பலகைத் தளம், பக்கத்தில் வேஷம் போடுகிற சின்ன அறை, சுவரில் ரசம் போன கண்ணாடி. திரை அந்த மேடையின் முன்விளிம்பில் கட்டியிருந்தது. காட்சி முடிந்து எல்லாரும் போனபிறகு நான் அந்தப் பலகை மேல் போய் உட்காருவேன். தமிழ்நாட்டின் எத்தனையோ பழைய தியேட்டர்களில் இப்படி நாடகத்துக்கு மேல் சினிமா ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் வெரைட்டி ஹால்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். சென்னைக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டரைச் சொல்வார்கள். அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இருக்கிறது. ரகுபதி வெங்கையா 1914 வாக்கில் சென்னையில் கட்டிய கெயிட்டியையும் சொல்வார்கள். முதல் என்ற பட்டத்துக்காக நான் சண்டை போடமாட்டேன். தலைநகரத்துக்குச் சமமான காலத்தில், ஒரு ஜில்லா ஊரில், ஒரு முன்னாள் ரயில்வே குமாஸ்தா தன் கைக்காசில் இதைச் செய்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1931இல் 'காளிதாஸ்' வந்தது, தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்குள் வின்சென்ட் தாமே படம் எடுக்கப் புகுந்தார். கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து 1933இல் எடுத்த படத்தின் பேர் 'வள்ளி திருமணம்'. காளிதாஸில் நடித்த டி.பி. ராஜலட்சுமிதான் வள்ளி. பேசும்படம் எடுக்கிற ஸ்டுடியோ சென்னையில் அப்போது இல்லாததால் கல்கத்தாவில் எடுத்தார்கள். படம் நன்றாக ஓடியது. எந்த நாடகத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், எங்கே கண்ணீர் விடுவார்கள், எந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்பார்கள் என்பதை ஒன்பது வருடக் கூடாரமும் இருபது வருட ஹாலும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன. கல்கத்தா ஸ்டுடியோக்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இதே முப்பதுகளில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. அதைத் தொடங்கியவர்களில் வின்சென்ட்டும் ஒருவர். அங்கேதான் ஜூபிடர் கம்பெனியின் 'ராஜகுமாரி' எடுத்தார்கள். எம்.ஜி.ஆர். கதாநாயகனான அந்தப் படம் 1947இல் வந்தது, வசனத்தில் மு. கருணாநிதியின் கை இருந்தது. வின்சென்ட் அதைப் பார்க்கவில்லை. 1942இல் காலமாகிவிட்டார். கோயம்புத்தூரின் சினிமாப் பெருமை பேசுகிறவர்கள் சென்ட்ரல் ஸ்டுடியோவிலிருந்தும் பட்சிராஜா ஸ்டுடியோவிலிருந்தும் தொடங்குகிறார்கள். வெரைட்டி ஹாலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பார்க்கிற கூட்டம் முதலில் உருவாகாமல் எடுக்கிற ஊர் உருவாகாது. அந்தக் கூட்டத்தை இருபது வருடம் உட்காரவைத்துப் பழக்கிய இடம் அது.

டிலைட்டுக்கு நான் கடைசியாகப் போனது ஒரு பகல் காட்சிக்கு. பழைய எம்.ஜி.ஆர். படம். முப்பது, நாற்பது பேர் இருந்திருப்போம். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். படம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் திரையை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே போகிற ஒளிக்கற்றையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் பழக்கம். அதில் தூசி மிதந்தது. வெளியே உச்சி வெயில், உள்ளே நல்ல இருட்டு. வின்சென்ட் எழுப்பிய சுவர்கள் அன்றைக்கும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

அப்புறம் அதை இடித்துவிட்டார்கள். தனியார் சொத்து, விற்பதும் கட்டுவதும் உடையவர்கள் உரிமை. என் மனத்தாங்கல் இடித்ததில்கூட இல்லை. நூறு வருடம் ஓர் ஊரை இருட்டில் உட்காரவைத்துச் சிரிக்கவும் அழவும் வைத்த இடம் அது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவ்வழியே போகிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் இல்லையே என்பதுதான் மனதை அறுக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது கோயம்புத்தூர்க்காரர்களுக்கு. வெரைட்டி ஹால் ரோட்டில், ஹால் இருந்த இடத்துக்கு எதிரே, எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு கல் நடுங்கள். மாநகராட்சி செய்தாலும் சரி, வியாபாரிகள் சேர்ந்து செய்தாலும் சரி. ஹாலின் பேர், 1914 என்ற வருடம், சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற பேர், இங்கே நாடகமும் படமும் நடந்தது என்று ஒரு வரி. அது போதும்.

இரண்டாவது, ஈரோடு, பவானி, கோபி, அவிநாசி, பொள்ளாச்சி என்று இந்த வட்டாரத்தில் பழைய வீடு வைத்திருக்கிறவர்களுக்கு. அட்டாலியில், டிரங்குப் பெட்டியில், பஞ்சாங்கக் கட்டுக்குள் பழைய நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கொட்டகை டிக்கெட், வேஷம் கட்டிய யாராவது ஒருவரின் போட்டோ இருக்கும். பழைய பேப்பர்காரருக்குக் கிலோக் கணக்கில் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, இப்படிப்பட்ட தாள்களைப் பாதுகாக்கிறார்கள். அங்கே கொடுங்கள், அல்லது ஒரு படமாவது எடுத்து அனுப்பி வையுங்கள். என்னிடம் இருந்த பதினேழு நோட்டீஸ்களை ஒரு துண்டு ஜமக்காளத்தில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ரயிலேறும்போது கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.